மோட்டார் கேள்வி-பதில்: ஆட்டோமேட்டிக் வண்டியின் இசிஎம்

கே: என் மேனுவல் காரின் இசிஎம் (எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி) எரிந்துபோயிற்று. அதே மாடல் ஆட்டோமேட்டிக் வண்டியில் கழற்றியது மலிவாகக் கிடைக்கிறது, சாக்கெட்டும் பொருந்துகிறது. மாட்டலாமா? (சேலம் வாசகர்)

ப: சாக்கெட் பொருந்துவதைக் கொண்டு வேறெதையும் நிச்சயிப்பதற்கில்லை. இக்னிஷன், இன்ஜெக்டர் விவகாரங்கள் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றேயாகையால் எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் லீவரை 'டி'க்குத் தள்ளியதும் டார்க் கன்வர்ட்டரின் பாரம் எஞ்சின்மேல் ஏறுமாதலால், அதைச் சமாளிக்க ஐடிலிங்கில் கூடுதல் காற்று விடுவதற்கென்று அமைந்த அந்தப் பெட்டி, உங்கள் வண்டியில் இல்லாத பார்க்-நியூட்ரல் சுவிட்சை எதிர்பார்த்து, ஒயர் வராததையே ஒரு சேதியாகக் கொண்டு, வண்டி சதா கியரில் நிற்பதாகத் தீர்மானித்துவிடக்கூடும். சில மாடல்களில் ஸ்டார்ட்டர் சுற்றவே அந்தச் சுவிட்சின் அனுமதி வேண்டும். 1992–95 ஹோண்டா சிவிக் வைத்திருப்பவர்கள் பெட்டிமேல் 37820-பி28 என்ற எண்ணைக் கண்டதுமே பூரித்துப் பணத்தை நீட்டுகிறார்கள். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பது அதற்குப் பின்வரும் வால் குறியீட்டில் அல்லவா இருக்கிறது! கூடக் கொடுத்தாவது மேனுவல் பெட்டியையே வாங்குங்கள்.

கே: நான் மாட்டியே விட்டேன், நன்றாக ஓடுகிறது. செக் எஞ்சின் விளக்குதான் அணையவில்லை. பல்பைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். (மதுரை வாசகர்)

ப: அவரிடம் இனி எந்தக் காரியத்தையும் ஒப்படைக்காதீர்கள். கியர் நிலை சுவிட்சைக் காணோமென்று பி0705, ஷிப்ட் சோலினாய்டைக் காணோமென்று பி0750 என்று அந்தப் பெட்டி எழுதிக்கொண்டேயிருக்கும். இவை உங்கள் வண்டியைப் பொறுத்தமட்டில் அர்த்தமற்ற புகார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் நாளை ஆக்ஸிஜன் சென்சார் பழுதாகி, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து, எரியாத மிச்சம் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும்போதும் எரிவதற்கு இருப்பது அதே ஒற்றை விளக்குத்தான். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கு எப்படிப் புதிதாக எரியும்? விளக்கை அணைப்பதையே வைத்தியமென்று நம்பும் ஒரு பரம்பரை நம் தேசத்தில் உருவாகிவிட்டது. ஆயில் விளக்குக்கும் இதே சிகிச்சை செய்வித்து, பேரிங் உருகிய பிற்பாடு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருகிற கனவான்களை ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி சந்திக்கிறேன். பல்பு இருக்கட்டும், பெட்டியை மாற்றுங்கள்.

கே: ஆட்டோமேட்டிக் இசிஎம் போட்டால் கிளட்ச் மிதிக்காமல் கியர் மாற்றலாமா? (ஈரோடு வாசகர்)

ப: முடியாது. மிதியுங்கள்.

கே: வேறு இசிஎம் மாட்டியதிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா? (திருநெல்வேலி வாசகர்)

ப: பதற வேண்டாம். பெட்டி குற்றமற்றதாகவே இருக்கலாம். இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில், சாவிக்குள் பொதிந்த சிப்பின் சங்கேதம் பெட்டியில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிடில் எஞ்சினை ஓடவிடாது. டேஷ்போர்டில் சாவிப் படம் மினுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். மினுக்கினால், கம்பெனி சர்வீஸில் உங்கள் சாவியைப் புதிதாகப் பதிய முடியுமா என்று விசாரியுங்கள். சில வண்டிகளில் முடியாது, அப்போது பெட்டி விற்றவரிடமே போய் அதன் சாவியையும் கேளுங்கள்.