நீர்க்குறியும் நேரமும்

தமிழ் மருத்துவ நூல்கள் யாப்பில் அமைந்தவையாயினும் இலக்கிய மாணவர் அவற்றைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறிப் பாடல்களும் அவ்வாறு ஒதுங்கி நிற்பவையே. சிறுநீரை நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐவகையில் ஆராய்வது நீர்க்குறி. அதன்மேல் நல்லெண்ணெய்த் துளியிட்டு, அது பாம்பென நீள்கிறதா, மோதிரமென வளைகிறதா, முத்தென நிற்கிறதா எனக் கண்டு வாத பித்த கபங்களை உணர்வது நெய்க்குறி. துளியின் வடிவால் நோயைத் துணியலாம் என்பதை இக்கால மருத்துவம் ஏற்றுக்கொண்டதாகக் கூறுவதற்கில்லை. என் கருத்தைக் கவர்ந்தது நீரை எடுக்கும் முறையே. குறைத்தோ மிகுத்தோ காலமல்லாக் காலத்திலோ உண்ணாது, பசிக்கேற்ப அளவாக உண்டு உறங்கி, வைகறை நீரைக் கண்ணாடிக் கலத்தில் ஏந்தி, ஒரு முகூர்த்தத்துக்குள் காணவேண்டும் என்கிறது நூல். ஏன் வைகறை?

சிறுநீரகம் நாள் முழுதும் ஒரே சீராக உழைப்பதில்லை. இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மீண்டும் குருதிக்கே அளிக்கின்றன. எஞ்சும் ஓரிரு லிட்டரே சிறுநீர். வடிப்பு பகலில் மிகுதி. உப்பும் பொட்டாசியமும் பகலிலேயே மிகுதியாக வெளியேறுகின்றன. இரவில் மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் சுரப்புநீர் உடலில் நீரைத் தேக்கச் செய்கிறது. ஆகவே வைகறை நீர் அளவிற் குறைந்து செறிவில் மிகும். அமிலத் தன்மையும் கூடும். இளைஞர் சிலருக்கு நின்று நடமாடும் வேளையில் மட்டும் புரதம் கசியும். வைகறை நீரில் இராது. இது பெரும்பாலும் தீங்கற்றது. மாலையில் சோதித்து அஞ்சியவர் காலையில் சோதித்து ஆறுதல் பெறுவதுண்டு. இன்றைய ஆய்வகங்களும் புரதத்தை அளக்க முதற் காலை நீரையே விரும்புகின்றன.

வைகறையும் எல்லார்க்கும் ஒன்றன்று. நம் கடற்கரையில், இராஜாக்கமங்கலம் துறையில், பின்னிரவில் வள்ளம் இறக்குவோருக்கு அது உழைக்கும் வேளை. உடலின் உட்கடிகாரம் ஓரிரு நாளில் திசைமாறிவிடாது. இத்தகையோர் தாம் உறங்கி எழுந்த நேரத்தையும் ஆய்வகத்தில் சொல்வது நன்று.

நோய் இவ்வொழுங்கைக் குலைக்கும். இதயம் தளர்ந்தோருக்குப் பகலில் கால்களில் தேங்கிய நீர், படுத்தபின் குருதிக்குத் திரும்பி இரவில் சிறுநீராகக் கழியும். வீட்டார் அதனை முதுமையின் இயல்பென்று விட்டுவிடுகின்றனர். இரவில் மும்முறை எழும் பெரியவரின் கணுக்காலை அழுத்திப் பார்ப்பவர் மிகச் சிலரே.

மருந்தின் விளையாட்டு இன்னும் பெரிது. காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அறியாதவர் குருதியென்றே அஞ்சுவர். தேரையர் நூல் தோன்றிய காலத்தில் இம்மாத்திரை இல்லை. இன்று நிறம் காண்போர் முதலில் மருந்தின் பெயரைக் கேட்டாக வேண்டும். நீரின் அமிலத் தன்மை ஆஸ்பிரின் கழிவதைத் தாமதப்படுத்தும். அதனாலேயே அம்மருந்தை அளவு மீறி விழுங்கியவர்க்கு மருத்துவர் சோடியம் பைகார்பனேட் செலுத்தி, நீரைக் காரமாக்கி நஞ்சை வெளியேற்றுகின்றனர். உடல்நீர் வற்றிய வேளையில் விழுங்கும் வலிநீக்கிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடும். மாடுகளுக்கு இட்ட டைக்ளோபினாக், அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தையே அழித்தது. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006இல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது.

வீக்கம் வடியத் தரும் பியூரோசமைடு மாத்திரையின் வேகம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நிற்கும். காலையில் உண்டால் பகலோடு முடியும்; இரவில் உண்டால் உறக்கம் போகும். இருட்டில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோரும் உளர். நோன்பு மாதத்தில் உணவும் உறக்கமும் தலைகீழாவதால் இக்கணக்கும் புரள்கிறது. சஹரில் இம்மாத்திரையை உண்டவர், இழந்த நீரை ஈடுசெய்ய வழியின்றிப் பகல் முழுதும் இருக்க நேரும். நோயுற்றோர்க்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகையுண்டென்பதை இம்மலரின் வாசகர் அறிவர். நோன்பிருக்க விரும்பும் முதியவரை மாதம் பிறக்குமுன்பே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எந்த மாத்திரையை எந்நேரத்தில் உண்பது, எதனை நிறுத்துவது எனக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கி வருதல் வீட்டு இளைஞர் செய்யத்தக்க பணி.