பொருளை ஆங்கிலத்திலேயே படியுங்கள்

மேலூரிலும் உசிலம்பட்டியிலும் இருந்து மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பூங்காவுக்கு நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைகள் பலர், கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்தில்தான் எழுதித் தேறியிருக்கிறார்கள். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் சொல் வருவதில்லை. உடனே ஆங்கிலம்–தமிழ்க் கையகராதியை வாங்கி, வரிசையாக மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அந்த உழைப்பில் பாதி வீணாகிறது.

'டிலே', 'போஸ்ட்போன்' இரண்டையும் 'தாமதம்' என்று மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டால், வாடிக்கையாளருக்கு மெயில் எழுதும்போது மாட்டிக்கொள்வீர்கள். லாரி வழியில் நின்று சரக்கு பிந்தினால் டிலே. நாமே முடிவெடுத்து வேறு தேதிக்குத் தள்ளினால் போஸ்ட்போன். முன்னதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். பின்னதற்குக் காரணமும் புதுத் தேதியும் சொல்ல வேண்டும். இந்த வேறுபாடு ஆங்கில விளக்கத்தைப் படித்தால் ஒரே வரியில் பிடிபடும்.

விளக்கமே புரியாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேண்டாம். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவதை அருகிலிருந்து பார்த்தவர். 1935-ல் அவர் கொண்டுவந்த அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. இன்றைய லாங்மேன் மாணவர் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் விளக்கம் தருகிறது. பிளஸ் டூ வரை கவனமாகப் படித்தவருக்கு அவற்றில் பெரும்பாலானவை முன்பே தெரியும். ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதி இணையத்தில் இலவசம், உச்சரிப்பும் கேட்கலாம். முதலில் கற்க வேண்டிய 3,000 சொற்களை அதுவே அடையாளமிட்டுக் காட்டுகிறது. அதைவிட்டு வாட்ஸ்அப்பில் வரும் பகட்டான சொற்களின் பின்னால் ஓடாதீர்கள்.

நாளுக்கு ஐந்து சொல் போதும். நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் விளக்கம், அதன் கீழே உங்கள் வேலையை வைத்து ஒரு சொந்த வாக்கியம். வாக்கியம் எழுதாத சொல்லைக் கற்றதாகக் கணக்கு வைக்காதீர்கள். மறுநாள் சொல்லை மறைத்து, விளக்கத்தைப் படித்துச் சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அதையே திருப்பிப் பாருங்கள். மாட்டுத்தாவணிக்கு வரும் பேருந்துப் பயணமே அதற்குப் போதுமான நேரம்.

மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதுவோருக்கு இதில் நேரடி லாபம் உண்டு. பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். தேர்வில், முதல் கட்டத்தின் 200 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 50. அதில் வரும் 'ஒன் வேர்டு சப்ஸ்டிடியூஷன்' பகுதி, விளக்கத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லைத்தான் கேட்கிறது. வீட்டில் படிக்க வசதி இல்லாதவர்களுக்கு, 2023 ஜூலையில் திறந்த புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

நேர்முகத் தேர்வில் 'வேர்ஹவுஸ்' என்ற சொல் நாக்கில் வராமல் நின்றால் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். 'எ பிளேஸ் வேர் வீ கீப் கூட்ஸ்' என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். விளக்கம் படித்துப் பழகியவருக்கு இது தானாக வரும். நீங்கள் தேடிய சொல்லை, கேட்பவரே எடுத்துக் கொடுத்துவிடுவார்.