படாசாராவும் பேறுகாலத் துயரும்

பிள்ளைப்பேறு முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பினால் துன்பம் தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். குர்லாவின் சால்களிலும் குடிசைகளிலும் வாழும் நம் குடும்பங்களில், அண்டை வீட்டார் வந்து குழந்தை யார் சாயல் என்று பேசிச் செல்வர். தாயின் முகத்தை உற்று நோக்குவோர் அரியர். நெடுநேர வலி, மிகுந்த உதிரப்போக்கு, எதிர்பாராத அறுவை, குழந்தையின் மரணம், வலியில் துடிக்கையில் கேட்ட கடுஞ்சொல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டு மீண்டவளுக்கு அந்தப் பேறு உள்ளத்தில் இன்னும் முடியவில்லை. அவளுக்குச் சுற்றத்தார் செய்யத்தக்கது யாது? இதுவே இப்பாடத்தின் பொருள்.

இதற்கு விடையாகப் படாசாரா தேரியின் வரலாற்றைத் தம்மபத உரையும் தேரிகாதை உரையும் கூறுகின்றன. அவள் சாவத்தி நகரத்துச் செல்வரின் மகள். தன் வீட்டு ஏவலாளனை மணந்து ஊரை விட்டுச் சென்றாள். இரண்டாம் பேறு நெருங்கியபோது தாய்வீட்டை நாடிக் கணவனுடனும் மூத்த மகனுடனும் புறப்பட்டாள். வழியில் இரவும் புயலும் பேறுவலியும் ஒருங்கே வந்தன. மறைப்புக்கு மரக்கொம்பு வெட்டச் சென்ற கணவன் பாம்பு தீண்டி இறந்தான். துணையின்றிப் பிள்ளை பெற்ற அவள், இரு குழந்தைகளையும் தன் உடலால் மூடி மழையில் இரவைக் கழித்தாள். மறுநாள் வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடக்கையில் பச்சிளங்குழந்தையைப் பருந்து கவர்ந்தது. மூத்தவனை நீர் கொண்டது. பெற்றோரும் உடன்பிறந்தானும் வீடு இடிந்து மாண்டனர் என்ற செய்தியும் செவியில் வீழவே, அவள் சித்தம் கலங்கிற்று. ஆடை நழுவியதும் அறியாமல் திரிந்தவளை ஊரார் பித்தி என்று மண்ணாங்கட்டி எறிந்து துரத்தினர்.

அவ்வாறு அவள் ஜேதவனத்துள் நுழைந்தபோது பகவான் புத்தர் செய்தவற்றின் வரிசையைக் கருத்தூன்றிப் பார்ப்போமாக.

முதலாவதாக, அவளைத் தடுக்க முயன்றோரை விலக்கி, அருகே வரவிட்டார். இரண்டாவதாக, அவளைத் தங்கை என்று விளித்து, நினைவு திரும்பச் சொன்னார்; நடந்தது என்னவென்று வினவவில்லை. மூன்றாவதாக, நினைவு வந்து நாணிக் குறுகியவளுக்கு அங்கிருந்த ஒருவர் மேலாடை அளித்தார். நான்காவதாக, அவள் தானே தன் துயரத்தை உரைத்தாள்; பகவான் கேட்டார். தம்மோபதேசம் இவற்றின் பின்னரே வந்தது.

நாமோ இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறோம். “எல்லாம் அநித்தியம், தேற்றிக்கொள்” என்று உபதேசத்தில் தொடங்குகிறோம். அல்லது வருவோர் ஒவ்வொருவரிடமும் கதையைச் சொல்லுமாறு அவளை வற்புறுத்துகிறோம். இரண்டும் தவறு. பேறுகால அதிர்ச்சிக்கு உள்ளான தாயை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் மீண்டும் உணரச் செய்யும் சிகிச்சை வேண்டா என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. அவள் பேசும்போது கேட்பதும், பேசாதபோது உடனிருப்பதும் நம் கடமை.

அடுத்து, பழி கூறுதல். “முன்வினைப் பயன்” என்று துயருற்ற தாயின் முன் சொல்வோர் நம்மிடையேயும் உளர். இது பௌத்தமன்று. சீவகன் என்னும் பரிவிராசகனுக்குப் பகவான் உரைத்த சுத்தத்தில், மனிதர் நுகரும் வேதனைக்கு எட்டுக் காரணங்கள் எண்ணப்பட்டுள்ளன. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், முறை தவறிய பேணுகை, புறத்தாக்கு, வினை என்பன அவை. வினை எட்டனுள் ஒன்றே. எல்லாவற்றையும் முன்வினை என்பது கண்கூடான உண்மையை மீறுவதாகும் என்று பகவான் மறுத்தார். ஆதலின் உதிரப்போக்குக்கும் குழந்தையின் மரணத்துக்கும் தாயின் பாவத்தைத் தேடாதிருப்போம்.

தீட்டு என்று ஒதுக்குதலும் அவ்வாறே. பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலர், பேறு தடைப்பட்டு வருந்திய பெண்ணைக் கண்டு இரங்கினார். பகவானிடம் கூறி, அவர் பணித்தபடி மீண்டும் சென்று சத்தியமொழி உரைத்தார் என்று மஜ்ஜிம நிகாயம் கூறுகிறது. அந்தப் பரித்தம் இலங்கையில் கருவுற்ற பெண்களுக்காக இன்றும் ஓதப்படுகிறது. பரித்தம் மனத்துக்கு அமைதி தரும். அது மருத்துவத்துக்கு மாற்றன்று. ஆனால் பேறுகாலப் பெண்ணை அணுகத் தகாதவளாகக் கருதாத அக்கருணை நமக்குப் பாடமாகும்.

இனி, எப்போது மருத்துவரை நாட வேண்டும்? பேற்றின் பின் சில நாள் கண்ணீரும் சோர்வும் வருவது இயல்பு. இரு வாரங்களுள் பெரும்பாலும் தணியும். அதற்கு மேலும் துயரம் நீடித்தாலும், நடந்த காட்சி கனவிலும் நனவிலும் மீண்டும் தோன்றினாலும், மருத்துவமனை என்ற சொல்லுக்கே நடுங்கினாலும், குழந்தை உறங்கியும் தாய்க்கு உறக்கம் வராவிட்டாலும் அது நோய் எனக் கொள்க. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணிப்பின்படி, பேற்றுக்குப் பின் தாய்மாரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் இத்தகைய அதிர்ச்சி நோய்க்கு உள்ளாகின்றனர். கடினமான பேறு கண்டோரிடையே இத்தொகை மிகும். இதற்கு உளவியல் சிகிச்சை உண்டு; பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு. தாய்க்கு இல்லாத குரல் கேட்டாலோ, தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் வந்தாலோ, அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. “பேய் பிடித்தது” என்று மந்திரவாதியிடம் கொண்டு செல்வது, படாசாராவின் மீது மண் எறிந்தவர் செயலுக்கு ஒப்பாகும்.

குர்லாவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனை உள்ளது. அடுத்த ரயில் நிலையமான சயானில் லோகமான்ய திலகர் மருத்துவமனை உள்ளது. அங்கே 1989ஆம் ஆண்டில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பிற தாய்மார் ஈந்த பால் அங்கு ஊட்டப்படுகிறது. பால் சுரக்கவில்லை என்று ஒரு தாயைக் குற்றம் சொல்வோர் இதை அறிவாராக. 2022 முதல் மனநல உதவிக்கு 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

தாய்க்கு ஓய்வு என்பது சலுகையன்று. 1928ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பேற்றின் முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனுக்கு உரியது என்று வாதிட்டார். மறு ஆண்டில் சட்டம் நிறைவேறியது. தம் குழந்தைகள் நால்வரை இழந்த தந்தை அவர் என்பதையும் நினைவுகூர்க. வீட்டு வேலைக்குச் செல்லும் நம் சகோதரிக்குச் சட்டத்தின் துணை எட்டாதவிடத்து, சங்கத்தார் எட்ட வேண்டும். ஒருவர் சோறு சமைக்கலாம். ஒருவர் தண்ணீர் பிடிக்கலாம். ஒருவர் மூத்த பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடலாம். ஒருவர் மருத்துவமனைக்கு உடன் செல்லலாம். அன்று மேலாடை அளித்தவர் செய்ததும் இதுவே.

படாசாரா பின்னர் பிக்குணியானாள். விநயம் கற்றோருள் முதல்வி என்று பகவானால் சிறப்பிக்கப்பட்டாள். பிள்ளைகளை இழந்த தாய்மார் பலர் அவளிடம் ஆறுதல் பெற்றனர் என்று தேரிகாதை கூறுகிறது. அவள் இழந்தவை மீளவில்லை, அவள் மீண்டாள். நம் அண்டை வீட்டில் பேறுகாலத் துயருடன் அமர்ந்திருப்பவளும் மீள்வாள். முதலில் அவளைத் தங்கை என்று அழைப்போம்.