கூலரில் நின்ற தண்ணீர்

நம் தமிழ் மன்றத்து ஆண்டு மலருக்கு மாணவர்க்குப் பயன்படும் கட்டுரை ஒன்று வேண்டும் என்றும், பொறுப்புணர்ச்சியைப் பற்றி எழுதினால் நன்று என்றும் செயலாளர் கேட்டார். பிறர்க்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கு இல்லை. வயது இருபத்துமூன்று, படிப்பது விலங்கியல் முதுகலை, ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். ஆயினும், சென்ற ஆண்டு இந்த ஐதராபாத் மாநகரில் நான் செய்யத் தவறிய ஒரு சிறு செயல் எனக்கு ஒரு பெரிய பாடத்தைக் கற்பித்தது. அதனை மறைக்காமல் எழுதினால் உங்களுக்கும் ஒருவாறு பயன்படும் என்று எண்ணுகிறேன்.

மூவர் பொருள்

இந்நகரத்துக் கோடையை நீங்கள் அறிவீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாடி அறையில் பகலில் படிக்கவும் இயலாது. இரவில் உறங்கவும் இயலாது. ஆகவே விடுதியில் என் அறையில் இருந்த நாங்கள் மூவரும் பணம் சேர்த்துப் பழைய கூலர் ஒன்றை வாங்கினோம். சன்னலுக்கு வெளியே, திறந்த வராந்தாவில், ஓர் இரும்பு முக்காலியின்மேல் அதனை வைத்தோம். மற்ற இருவரில் ஒருவர் தஞ்சைக்காரர். இன்னொருவர் வரங்கல் பக்கத்துத் தெலுங்கர். கோடை முழுவதும் அதற்குத் தண்ணீர் ஊற்ற எங்களுக்குள் போட்டியே நடந்தது. ஊற்றினால் உடனே குளிர்ந்த காற்று வருமல்லவா?

ஜூனில் மழை தொடங்கியது. கூலரை நிறுத்தினோம். அதன் அடித்தொட்டியில் இருந்த தண்ணீரை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். அது வற்றாதவாறு மழைச் சாரல் பார்த்துக்கொண்டது. அடியில் உள்ள அடைப்பானைப் பிடுங்கினால் தண்ணீர் தானே வடிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. கடைசியாகத் தண்ணீர் ஊற்றியவர் தஞ்சை நண்பர் என்று நான் எண்ணினேன். கூலரை நிறுத்தியவன் நான் என்று அவர் எண்ணினார். விலை பேசி வாங்கி வந்தவர்களே அதனைக் கவனிப்பார்கள் என்று தெலுங்கு நண்பர் எண்ணினார். மூவர்க்கும் உரிய பொருள் இவ்வாறு ஒருவர்க்கும் உரியதாகாமல் போயிற்று.

எங்கள் வராந்தாவைப் பெருக்கித் துடைக்க நாள்தோறும் ஓர் அம்மையார் வருவார். விடுதியில் எல்லாரும் அவரை ஆயம்மா என்று அழைப்பார்கள். ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஒருநாள் காலை நான் ஆய்வுக்கூடத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் கூலரைச் சுட்டிக்காட்டி, "பாபு, ஈ நீள்ளு பாரபோயண்டி" என்றார். இந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்பது அதன் பொருள். புழு நெளிகிறது என்றும் சொன்னார். "சரி, ஆயம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நான்கைந்து நாள் கழித்து மறுபடியும் சொன்னார். அப்போதும் அதே விடையைத்தான் சொன்னேன். அவரே கொட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முன்னொரு முறை வேறோர் அறை மாணவருடைய வாளியை இடம் மாற்றி வைத்ததற்காக அவர் ஏச்சுக் கேட்டவர். அதன்பின் மாணவர் பொருளைக் கேளாமல் தொட அவருக்கு அச்சம்.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கொசுவின் வாழ்க்கைப் பருவங்கள் நான்கையும் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் பெற்றவன் நான். புழு நெளிகிறது என்று அவர் சொன்னபோது அது எந்தப் பருவம் என்று எனக்குத் தெரியும். இன்னும் எத்தனை நாளில் அது இறகு முளைத்துப் பறக்கும் என்பதும் தெரியும்.

பேகம்பேட்டையில் ஒரு பாடம்

ஆகஸ்டு 20ஆம் நாளை உலகக் கொசு நாள் என்று கொண்டாடுகிறார்கள். அந்நாளுக்கும் நம் நகரத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. 1897ஆம் ஆண்டு அதே நாளில்தான், இங்கே சிகந்தராபாத்தை அடுத்த பேகம்பேட்டையில், இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். பழைய விமான நிலையத்துக்கு அருகே அவர் பெயரால் வழங்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்க, வகுப்புத் தோழர் சிலருடன் சென்ற ஆண்டு அந்நாளில் நானும் போயிருந்தேன்.

அவர் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருப்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் 1880இல் கண்டறிந்தார். அது ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் எவ்வாறு செல்கிறது என்பதை யாரும் அறியவில்லை. கொசுவுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று இலண்டனில் மான்சன் என்ற மருத்துவர் கருதினார். அதனை ஆராய ராஸ் 1895இல் இங்கே தொடங்கினார். மேலிடத்துக் கட்டளை எதுவும் இல்லை. படைப்பிரிவு மருத்துவர் என்ற தம் வேலைக்கு இடையே தாமாக மேற்கொண்ட ஆராய்ச்சி அது. நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்துப் பார்த்தும் பயனில்லை. அவை மலேரியாவைச் சுமக்காத வேறு இனக் கொசுக்கள். ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் பங்காவும் போட முடியாது. போட்டால் கொசுவின் சிறு உறுப்புகள் பறந்துவிடும். நெற்றி வியர்வையும் கை வியர்வையும் பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன.

பிறகு, அவருக்காகக் கொசுப்புழு சேகரித்து வந்த ஆட்கள் புதுவகைப் புழுக்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றிலிருந்து இறக்கையில் புள்ளியுள்ள கொசுக்கள் வெளிவந்தன. ஆகஸ்டு 16ஆம் நாள் ஹுசேன்கான் என்ற மலேரியா நோயாளியை அக்கொசுக்கள் கடிக்கவிட்டார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. நான்கு நாள் கழித்து, மிஞ்சியிருந்த கொசுக்களுள் ஒன்றை அறுத்தபோதுதான் கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களைக் கண்டார். 1902இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இவை பாடநூலில் உள்ள செய்திகள். பாடநூலில் பெரும்பாலும் இடம்பெறாத வேறொரு நிகழ்ச்சியை அன்று வழியில் ஒரு தோழர் சொன்னார். 1883இல் ராஸ் பெங்களூரில் இருந்தார். தம் இருப்பிடத்தில் கொசு மிகுதியாக இருப்பதன் காரணத்தைத் தேடினார். சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டி ஒன்றில் புழுக்கள் நெளிந்தன. உடனே அதனைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்றத் தொட்டிகளையும் இவ்வாறே கவிழ்த்துவிடலாம் என்று படை அதிகாரி ஒருவரிடம் சொன்னார். இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கலாகாது என்று அந்த அதிகாரி மறுத்துவிட்டாராம்.

கொசுவால் மலேரியா பரவுகிறது என்பதை அப்போது ராஸும் அறியார். அதனை அவர் கண்டறிய இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. ஆயினும் கண்ணெதிரே நின்ற தண்ணீரைக் கவிழ்க்க அவருக்கு அந்த அறிவு தேவைப்படவில்லை.

தோழர் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். அந்த அதிகாரியைப் பற்றி நகையாடவும் செய்தேன். மாலையில் விடுதிக்குத் திரும்பி, அன்று கண்டவற்றை நான்கு பக்கம் எழுதினேன். எழுதிய மேசைக்கு எதிரே சன்னல், சன்னலுக்கு வெளியே கூலர், கூலரில் தண்ணீர்.

முதற்கேள்வி

செப்டம்பர் முதல் வாரத்தில் ஆயம்மா வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் வேறொருவர் வந்தார். அவரைக் கேட்டபோது, ஆயம்மாவுக்கு டெங்குக் காய்ச்சல் என்றும், அரசு மருத்துவமனையில் இருக்கிறார் என்றும் சொன்னார்.

அந்தக் கொசு எங்கள் கூலரில்தான் பிறந்தது என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவ இயலாது. அவர் வீட்டருகிலும் தேங்கிய நீர் இருந்திருக்கலாம். இந்த வாதத்தை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் நான் படித்த விலங்கியல் என்னை விடவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் மிகுதியாகக் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். அந்தக் காலை வேளையில் நாங்கள் மூவரும் வகுப்பில் இருப்போம். எங்கள் கூலருக்கு அருகில் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவரே. சோம்பல் எங்களுடையது, அதன் பயன் போய்ச் சேரக்கூடிய இடமோ அவருடைய கையும் காலும்.

அன்று மாலையே நாங்கள் மூவரும் கூலரைக் கழற்றிக் கவிழ்த்தோம். இரண்டு வாரம் கழித்து, அவர் வீடு திரும்பினார் என்று அறிந்து பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். ஒரே அறை கொண்ட வீடு. மிகவும் இளைத்திருந்தார். ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு வேலை செய்பவராதலால் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதற்கேள்வி, "அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டீர்களா, பாபு?" என்பதே. அதில் சினம் இல்லை. எங்களுக்கும் காய்ச்சல் வந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது. அவர் இழந்த கூலியை நாங்கள் மூவரும் பகிர்ந்து கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார். இது உதவி அன்று, எங்கள் கடன் என்று தெலுங்கு நண்பர் எடுத்துச் சொன்ன பின்பே வாங்கிக்கொண்டார்.

நாம் கொள்ள வேண்டியவை

இந்நிகழ்ச்சியால் நான் அறிந்தவை மூன்று.

முதலாவது, அறிவு வேறு, பொறுப்பு வேறு. அறிந்தவன் பொறுப்புள்ளவனாகத்தான் இருப்பான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ராஸ் பெங்களூரில் ஒன்றும் அறியாமலே தொட்டியைக் கவிழ்த்தார். நான் எல்லாம் அறிந்தும் அடைப்பானைப் பிடுங்கவில்லை. என் தாயார் விலங்கியல் படித்தவர் அல்லர். ஆயினும் எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடம் மூடாமல் இருந்து நான் கண்டதில்லை.

இரண்டாவது, பொதுவான வேலையை யார் செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தால் அது நடவாது. கண்டவர் செய்ய வேண்டும். முறை வைத்துக்கொள்வதும் கணக்குப் பார்ப்பதும் பிறகு ஆகட்டும். மடியின்மை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். படுத்துக்கிடப்பது மட்டுமே மடி என்று நான் நினைத்திருந்தேன். வேறொருவர் செய்வார் என்று காத்திருப்பதும் மடியே.

மூன்றாவது, மதிப்பு. ஆயம்மாவை நான் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. 'அம்மா' என்றுதான் அழைத்தேன். அதுவே மதிப்பு என்று எண்ணியிருந்தேன். ஆனால் அவர் சொன்ன சொல்லை நான் காதில் வாங்கவில்லை. அதையே எங்கள் பேராசிரியர் ஒருமுறை சொல்லியிருந்தால் படியிறங்கும் முன்பே செய்திருப்பேன். சொல்பவர் யார் என்று பாராமல் சொல்லின் உண்மையைக் காண்பதே அறிவு என்னும் வள்ளுவர் கருத்தைப் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு பெற்றவன் நான். ஒருவர் சொல்லுக்குச் செவி கொடுக்காமல் அவரைப் பணிவாக அழைப்பது மதிப்பாகாது. பேகம்பேட்டைக்கு அந்தப் புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயரை நான் படித்த எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. அவர் கொண்டுவந்ததை ராஸ் புறக்கணித்திருந்தால் ஆகஸ்டு 20 என்ற நாளே வந்திராது.

இனி, கூலர் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு செய்முறைக் குறிப்பு. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். அவை உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் நன்றாகக் காயவைத்து மூடி வைக்க வேண்டும். வெப்பமான நாளில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆதலால் வாரம் ஒருமுறை பார்த்தால் எந்தப் புழுவும் இறகு முளைத்துப் பறக்காது. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத வாளி ஆகியவற்றுக்கும் இதுவே முறை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் தெலங்கானா நகரங்களில், ஞாயிறுதோறும் காலை 10 மணிக்குப் 10 நிமிடம் தத்தம் வீட்டில் தேங்கிய நீரை அகற்றுமாறு ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. அந்த வழக்கத்தை எங்கள் அறையில் நாங்கள் இப்போது மேற்கொண்டிருக்கிறோம்.

ஆயம்மா மீண்டும் வேலைக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வாளிகளைக் கவிழ்ப்பதைக் கண்டால் சிரிப்பார். போன வாரம் எங்கள் வராந்தாவின் கடைசியில் இருக்கும் அறையைக் காட்டி, அங்கும் ஒரு கூலரில் தண்ணீர் நிற்கிறது என்றார். அந்த அறை எங்களுடையது அன்று. அதில் இருப்பவர்களை எனக்குப் பழக்கமும் இல்லை. போய்க் கதவைத் தட்டினேன்.