புது டிவியும் எரியும் கண்களும்

கேள்வி: 55 அங்குல டிவி வாங்கினோம். இரவில் பார்த்தால் கண் எரிகிறது, தலை வலிக்கிறது. பார்வை கெட்டுவிடுமா?
– வாசகி, விஸ்வநத்தம்

பதில்: கெடாது, பயப்படாதீர்கள். 2006-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச டிவி திட்டத்தில் வந்த 14 அங்குல டிவிக்குப் போதுமாயிருந்த இடைவெளி இதற்குப் போதாது. ஏழடியாவது தள்ளி உட்காருங்கள். கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்கான 'விவிட்' அமைப்போடே சில டிவிகள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. ரிமோட்டில் 'சினிமா' அமைப்புக்கு மாற்றி, வெளிச்சத்தையும் குறையுங்கள். இருட்டறையில் பார்க்கவே வேண்டாம். டிவிக்குப் பின்னால் சிறு விளக்கு எரியட்டும். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலரும். பகலெல்லாம் அச்சகத்திலோ பட்டாசு ஆலையிலோ நுணுக்க வேலை பார்த்த கண்ணுக்கு அது கூடுதல் சுமை. விளம்பர நேரத்தில் கண்ணை மூடி இளைப்பாறுங்கள். ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டால், கண் மருத்துவரிடம் கண்ணாடி தேவையா என்று பார்த்துவிடுங்கள்.