எரிமலையை விட ஆபத்தானது

தட்டாஞ்சாவடி,
புதுச்சேரி.

அன்புள்ள தம்பிக்கு,

எரிமலைத் தீவில் ஸ்கூபா செய்ய ஹவாய்க்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டியதில்லை. அந்தமானில் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் இருக்கிறது பேரன் தீவு. இந்தியாவில் இன்றும் குமுறுகிற ஒரே எரிமலை அதுதான்.

1787-இல் அது குமுறியதாக முதல் பதிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிப்போய், அவிந்த அடுப்பு என்று எல்லோரும் நினைத்திருக்க, 1991-இல் மறுபடி வெடித்தது. 2017 ஜனவரியில் கோவா தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் கப்பலில் இருந்தே பார்த்தார்கள்: பகலில் வெறும் சாம்பல் புகை, பொழுது சாய்ந்ததும் வாயிலிருந்து சிவப்பாகப் பீறிடும் குழம்பு. தீவில் குடியிருப்பு கிடையாது. மேய்ப்பாரில்லாத ஆடுகள் மட்டும் உண்டு.

தண்ணீருக்கு மேலே தெரியும் மலை சுமார் 350 மீட்டர்தான். கடலடியிலிருந்து அளந்தால் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும். அதனால் கரையை ஒட்டி இறங்கும் டைவருக்குக் காலடியில் தரை தட்டாது. கருமணலும் குழம்புப் பாறையுமாகச் சரிவு இருட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும். ஆற்று வண்டல் வந்து கலக்காத நீர், சாம்பல் விழாத நாட்களில் தெளிவாக இருக்கும். சுட்ட பாறையில் என்ன முளைக்கும் என்கிறாயா? இந்தோனேசியாவின் பண்டா ஆபி 1988-இல் வெடித்து, குழம்பு பவளத்திட்டை மூடியது. ஐந்தே ஆண்டில் அதே குழம்பின் மேல் பவளங்கள் அடர்ந்துவிட்டன.

நெருப்பை விட நீ பயப்பட வேண்டியது உன் மூச்சுக்கு. தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்கள் மூச்சடக்கித்தான் இறங்கினார்கள். மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் கதை வேறு. 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் தருவது இரு மடங்கு அழுத்தக் காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். இந்தக் காற்றை அளந்து தரும் வால்வை 1943-இல் உருவாக்கியவர்கள் கூஸ்தோ, கான்யான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். புதுச்சேரிக்காரன் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா!

அடுத்தது நைட்ரஜன். ஆழத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைந்தது, அவசரமாக ஏறினால் குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கி கைகால் செயலிழப்பது வரை போகலாம். அதற்கான அழுத்த அறைச் சிகிச்சைக்குப் போர்ட் பிளேர் திரும்ப வேண்டும். பேரன் தீவிலிருந்து அது பல மணி நேரப் படகுப் பயணம். ஆகவே தொலைதூரத் தீவுகளில் அனுபவசாலிகள் வழக்கத்தை விட ஆழம் குறைத்தே இறங்குகிறார்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கிறார்கள். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

முதலில் புதுச்சேரிக் கடலிலேயே பயிற்சி எடு. மழைக்காலத்தில் கலங்கிக் கிடக்கும். கலங்கிய நீரில் பழகியவனுக்குத் தெளிந்த நீர் எளிது. ஆரம்பச் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான் அனுமதிக்கும். ஆஸ்துமாவோ காதுக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. அந்தமானிலிருந்து திரும்பும் விமானம், கடைசி டைவுக்குக் குறைந்தது 18 மணி நேரம் கழித்து இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்