விளக்கு எரியுது, லிங்க் இல்லைங்குது

எண்ணூரில் ஓர் ஆலை. அதன் கன்வேயர் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது பெரம்பூரில் இருக்கும் எங்கள் சிறு பட்டறை. பெரிய மோட்டார் கிளம்பும்போது ஏதாவதொரு பெட்டி நெட்வொர்க்கிலிருந்து விழும். கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும் எழாது. பவரை அணைத்துப் போட்டால்தான் எழும். ஆலைப் பொறியாளர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “கேபிளை மாத்துங்க தம்பி. இந்த உப்புக் காத்துக்கு எதுவும் நிக்காது.”

கேபிள் இல்லை என்று அன்றே சொன்னேன். விழுந்துகிடக்கும் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. ஸ்விட்ச் பக்கமும் எரிகிறது. எங்கள் போர்டில் அந்த விளக்கை எரியவைப்பது ஃபை சிப். எத்டூல் போட்டால் ‘லிங்க் டிடெக்டட்: நோ’. சிப்புக்குத் தெரிந்தது கெர்னலுக்குத் தெரியவில்லை என்றால், நடுவில் இருக்கும் டிரைவரைத்தானே பார்க்க வேண்டும்? ஆலை முழுக்க ஷீல்டு கேபிள் இழுத்தார்கள். விழுவது குறைந்தது, விழுந்தால் எழாதது அப்படியே இருந்தது. அந்தச் செலவை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

டிரைவர், போர்டு விற்றவர்கள் கொடுத்தது. அதைத் தொகுப்பது, ஏற்றுவது, லாக் எடுப்பதெல்லாம் நீங்களும் தினமும் செய்வதுதான். கோளாறு ஒரே வரியில் இருந்தது. லிங்க் மாறியதாக இன்டரப்ட் வந்தால், 1ஆம் ரிஜிஸ்டரை ஒரே தடவை படித்துவிட்டுப் போய்விடுகிறது. ஐஇஇஇ 802.3 தரப்படி அதன் 2ஆம் பிட் லிங்க் நிலை. லிங்க் அறுந்தால் அது 0 ஆகி, யாராவது படிக்கும்வரை 0விலேயே பூட்டிக்கொள்ளும். இடையில் லிங்க் திரும்பியிருந்தாலும் சரி. லிங்க் வந்ததைச் சொல்லும் இன்டரப்டில் எங்கள் டிரைவர் படித்தது பழைய 0. அடுத்த இன்டரப்டுக்காக அப்படியே காத்திருந்தது. நன்றாக இருக்கும் லிங்கில் அது ஏன் வரப்போகிறது?

இரண்டு தடவை படித்தால் சரியாகிவிடும் என்பார்கள். முதல் விடையைத் தூக்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. எழுந்திருந்த லிங்கில் முதலில் 0, அடுத்து 1 வந்தால், நடுவில் அறுந்து திரும்பியிருக்கிறது. மறுமுனை வேறு வேகத்தில் திரும்பியிருக்கலாம். 5ஆம் ரிஜிஸ்டரை மறுபடி படித்து, வேகத்தையும் டூப்ளெக்ஸையும் புதிதாக அமையுங்கள். சின்ன அறுப்பும் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிட்டையே பூட்டும்படி வைத்தார்கள்.

விநாடிக்கொரு முறை நிலையைப் பார்க்கும் டைமரையும் சேர்த்தேன். விற்றவர்கள் பிராசஸருக்குச் சுமை என்றார்கள். எம்டிஐஓ கம்பியில் 2.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரிஜிஸ்டரைப் படிக்க 64 பிட், ஏறத்தாழ 26 மைக்ரோவிநாடி. இதுவா சுமை? கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகிப் பார்த்துவிட்டு விற்றிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

பெட்டியை அனுப்புமுன் ஸ்விட்சில் அந்தப் போர்ட்டை மூடி, ஆட்டோ நெகோஷியேஷனை நிறுத்தி, 10 மெகாபிட்டுக்கு இறுக்கித் திறந்து பாருங்கள். எத்டூலில் 10, ஹாஃப் என்று மாற வேண்டும். 100 என்றே நின்றால் உங்கள் டிரைவரும் பழைய நிலையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.